கொத்தில்லாக் கண்ணம்மா

நான் யாரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. (யாரிடமும் அதிகமாகப் பேசியதே இல்லை என்பது வேறு விஷயம்.) இந்த ஐம்பது வயதுக்குள் ஒரே ஒரு முறைதான் ஒரு பெரிய மனுஷியை எடுத்தெறிந்து பேசியிருக்கிறேன். அதையும் சத்தமாக, நிமிர்ந்து நின்று, சிரித்த முகத்தோடு, மூன்று தடவை பேசினேன். வேலை கேட்டுப் போன இடத்தில்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் அரூர் பக்கம். படிப்பு பத்தாவது. பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் என் கணவர் அருள்தாஸுக்கு மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் நாலு ஆண்களோடு ஓர் அறையில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, பாதியாக இளைத்துப் போனார். அதற்குமேல் பார்க்கச் சகிக்காமல் ஏப்ரல் மாதக் கடைசியில் நானும் மகள் பிரின்சியும் மூட்டை முடிச்சோடு மைசூருக்கு வந்துவிட்டோம். விஜயநகரில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை கிடைத்தது.

வந்த அன்றே ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. அந்த வாடகைக்கு ஒருவர் சம்பளம் போதாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தால் பிரின்சியை இங்கே சேர்ப்பது. கிடைக்காவிட்டால் நாங்கள் இருவரும் அரூருக்கே திரும்புவது, அவர் பழையபடி அறைக்குப் போவது. பிரின்சிக்கு அப்போது பத்து வயது. தினமும் காலையில் எழுந்ததும், “அம்மா, வேலை கிடைச்சுதா?” என்று கேட்பாள். (ராத்திரி தூங்கும்போது யாரோ வந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைப்பு.)

நான் தேடாமல் இல்லை. ஒரு தையல் கடைக்குப் போனேன். தமிழ்க்காரர் கடைதான். “என்னென்ன வேலை தெரியும்?” என்று கேட்டார். எனக்கு ஜாக்கெட் தெரியும், எம்ப்ராய்டரி தெரியும், பழைய மிஷினைப் பிரித்து எண்ணெய் போட்டு மாட்டத் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து, “ம்” என்றேன். அப்புறம் ஒரு பேக்கரி. பெயர் கேட்டார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொல்வதற்குள் பின்னால் நின்றவளுக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலை. அங்கே என்னைவிடப் பிள்ளைகள் தைரியமாக இருந்தன.

அந்த நிலைமையில்தான் சர்ச்சில் ரோஸி அக்கா என்னைப் பிடித்தார். அவர் நர்ஸ். ஊசி போடுகிற மாதிரியே பேசுவார்: முதலில் தடவிக் கொடுப்பார், பிறகு சுருக்கென்று ஏற்றுவார்.

“ஸ்டெல்லா, உனக்குச் செடி கொடின்னா உசுருதானே?”

“ம்.”

“இந்த ‘ம்’முக்குத்தான் மூணு வேலை போச்சு. சாமுண்டி மலைக்கு அந்தப் பக்கம் நஞ்சன்கூடு ரோட்டுல ஒரு மேடம் மூலிகை நர்சரி வெச்சிருக்காங்க. பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க. செடி தெரிஞ்ச பொம்பள ஆள் வேணும்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல போ. தோட்டத்தைச் சுத்தி நடக்கவிட்டு ஒவ்வொண்ணா பேர் கேட்பாங்க. கன்னடத்துல சொல்லணும். வர்ற ஜனம் கன்னடத்துலதானே கேட்கும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்த மொத்தக் கன்னடம் ஏழு வார்த்தை. பேக்கு, பேடா, சாக்கு, எஷ்டு, பன்னி, ஹூவு, ஊட்டா. வேண்டும், வேண்டாம், போதும், எவ்வளவு, வாங்க, பூ, சாப்பாடு. இதை வைத்து ஒரு குடும்பமே நடத்தலாம், ஆனால் நர்சரி நடத்த முடியாது.

“இன்னொண்ணு” என்றார் ரோஸி அக்கா. “மேடத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். கேட்டதும் படார்னு, சத்தமா பதில் சொல்லணும். முனகினே, தொலைஞ்சே.”

ஐந்து நாள் இருந்தது. பிரின்சியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ்ப் பெயர், அந்தப் பக்கம் கன்னடப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். வீட்டுக்கார அம்மா நல்லவர். நான் இலையை நீட்டினால் பெயரைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். இருவருக்கும் இடையே வேறு பேச்சே கிடையாது. வேம்பு பேவு. தும்பை தும்பெ. எருக்கு எக்க. கன்னடம் ஒன்றும் அவ்வளவு பயங்கரமில்லை, தமிழ்தான் கொஞ்சம் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது என்று தைரியம் வந்தது.

சில பெயர்கள் அழகாக இருந்தன. வல்லாரைக்கு ‘ஒந்தெலக’. ஒற்றை இலைக்காரி என்று அர்த்தம். தொட்டாற்சுருங்கிக்கு ‘முட்டிதரெ முனி’. தொட்டால் கோபித்துக்கொள்வாள். ஒரு பெயருக்குள் ஒரு வாக்கியமே உட்கார்ந்திருந்தது. செடியைப் பார்த்தால் எப்படியிருக்கிறதோ அதையே பெயராக வைத்துவிடுகிறார்கள் என்று நானாக ஓர் இலக்கணம் கண்டுபிடித்தேன். (பத்தாவது படித்தவள் இலக்கணம் கண்டுபிடிக்கக்கூடாது. பின்னால் தெரிந்தது.)

வியாழக்கிழமை காலைக்குள் நோட்டில் முப்பத்தொன்பது பெயர் சேர்ந்துவிட்டது. நாற்பதாவது ஒன்று வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை (இங்கே ‘சைட்’) இருந்தது. பாதி பாறை, பாதி புல். கோடைமழை இரண்டு பெய்ததும் அந்தப் பாறை இடுக்கிலும் புல்லுக்கு நடுவிலும் ஒரு செடி பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடந்தது. வந்த நாளிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். (தலை குனிந்தே நடக்கிறவளுக்கு வேறென்ன கண்ணில் படும்?) அரை விரல்நீளம்கூட இல்லாத இலைகள், அவற்றின்மேல் வெள்ளி மாதிரி மெல்லிய ரோமம். ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் தலைமயிர் போல ஒரு காம்பு. அதன் நுனியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு நீலப்பூ. வெயில் ஏறினால் சுருங்கிவிடும். மறுநாள் காலையில் புதிதாக இன்னொன்று. இழுத்தால் வராது, அடியில் கட்டை மாதிரி ஒரு வேர் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கும். மாடு மேய்ந்துவிட்டுப் போனாலும் அதே வேரிலிருந்து மறுபடி படரும். எங்கள் ஊரிலும் இது உண்டு. ஆயிரம் தடவை தாண்டிப் போயிருக்கிறேன், பெயர் கேட்டதில்லை.

வீட்டுக்கார அம்மா அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சைட்டில் ஒருவர் இரண்டு பசுக்களை மேயவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை அவரைத் தாண்டி நடந்தேன். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை விட்டேன்.

“ஈ ஹூவு ஹெசரு ஏனு?” இந்தப் பூவின் பெயர் என்ன?

அவர் பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

“கொத்தில்லா கணம்மா” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொத்து இல்லா! மற்ற பூவெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இது ஒரு காம்புக்கு ஒரு பூ. எவ்வளவு பொருத்தம்! ‘கண்ணம்மா’தான் கொஞ்சம் உறுத்தியது. முன்பின் தெரியாத மனிதர் என்னைக் கண்ணம்மா என்கிறாரா? சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யோசித்தேன். பிறகு அதுவும் விளங்கியது. பூ சின்னக் கண் மாதிரி இருக்கிறது. அதனால் கண்ணம்மா. ஒற்றை இலைக்காரி, கோபக்காரி வரிசையில் இவள் கொத்தில்லாத கண்காரி. ஓடிப்போய் நோட்டில் நாற்பதாவதாக எழுதினேன்: ‘கொத்தில்லாக் கண்ணம்மா’. சந்தியில் ‘க்’ போட்டு, அடிக்கோடும் இட்டேன்.

அருள்தாஸிடம் காட்டியிருந்தால் அப்போதே விஷயம் உடைந்திருக்கும். அவர் ஒரு வருடம் தொழிற்சாலையில் கன்னடம் பேசியவர். ஆனால் அவர் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். காலையில் நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிரின்சி மட்டும் வாசல்வரை வந்து, “அம்மா, சத்தமா சொல்லு” என்றாள்.

நர்சரியில் மேடம் தயாராக நின்றார். அறுபது வயதுக்குமேல் இருக்கும். பருத்திச் சேலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. காசோலையில் கையெழுத்துச் சரிபார்க்கிறவர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். கூடவே மஞ்சு என்று ஒருவர் வந்தார். (இங்கே அது ஆண் பெயரும்தான்.) முப்பது வயது, அங்கே எல்லா வேலையும் பார்ப்பவர்.

மேடம் ஒரு செடியைக் காட்டினார்.

“பேவு!” என்று கத்தினேன். மரத்திலிருந்து ஒரு காக்கை பறந்தது.

அடுத்தது. “எக்க!” அடுத்தது. “ஒந்தெலக!” அடுத்தது. “முட்டிதரெ முனி!” மேடத்தின் முகம் மலர்ந்தது. மஞ்சு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குள் ஒரு புது ஸ்டெல்லா எழுந்து நின்றாள். பிரின்சியைச் சேர்க்கப்போகும் பள்ளிக்கூடத்தின் சீருடை என்ன நிறமாக இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதன் இடுக்கில் படர்ந்து, இளவெயிலில் நீலமாகச் சிரித்துக்கொண்டிருந்தது என் நாற்பதாவது செடி. மேடம் கைத்தடியால் அதைச் சுட்டினார்.

“இது ஏனு?”

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

“கொத்தில்லா கண்ணம்மா!”

மேடத்தின் கைத்தடி அப்படியே நின்றது. “ஏனு?”

காது மந்தம், பாவம் என்று இன்னும் உரக்கச் சொன்னேன். “கொத்தில்லா கண்ணம்மா, மேடம்!”

“யாரிகெ கணம்மா அந்தீயா?” என்றார் மேடம். எனக்கு அதில் ‘கணம்மா’ மட்டும்தான் புரிந்தது. பெயரை ரசித்துத் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்து வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினேன். மஞ்சு ஒரு பெரிய தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கிற்று.

மேடம் தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினார். “நோடம்மா, தெரியல்லெ அந்த்ரெ தெரியல்லெ சொல்லு. பர்வாகில்லா. மரியாதெ பேடவா?”

எனக்கு இதில் ‘பரவாயில்லை’ மாதிரி ஒன்று கேட்டது. ‘தெரியல்லெ’யும் கேட்டது. தெரியாதா? எனக்கா? ஐந்து நாள் படித்த எனக்கா?

“தெரியும் மேடம்! நல்லாத் தெரியும்!” என்று பூவுக்கு நேராகக் கையை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாக, நர்சரி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். “கொத். தில். லா. கண். ணம். மா!”

மஞ்சு தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். கண்ணில் தண்ணீர். அவர் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், வீட்டில் தமிழ்தான் என்று அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

“ஏனுங்க்கா, நீங்க தமிழுங்களா? சித்த நிறுத்துங்க. கொத்தில்லான்னா தெரியாதுன்னு அர்த்தமுங்க.”

“எது தெரியாது?”

“எதுவுமே தெரியாதுங்க. எனக்குத் தெரியாதுங்கறதுக்குத்தானுங்க கன்னடத்துல கொத்தில்லா.”

“அப்போ கண்ணம்மா?”

மஞ்சு மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “அது கணம்மாங்க. பழகின பொம்பளைங்ககிட்டப் பேசற பேச்சு. ‘தெரியாது போம்மா’ங்கற மாதிரி. அதானுங்க மேடம் ‘யாரைக் கணம்மாங்கறே’ன்னு கேட்டாங்க. நீங்க மேடத்தைப் பார்த்து மூணு வாட்டி ‘தெரியாது போம்மா’ன்னு சொல்லிப்போட்டீங்க. மூணாவது வாட்டி எழுத்துக்கூட்டி வேற சொன்னீங்க.”

இந்த மாதிரி நேரத்தில் பூமி பிளந்து ஆளை விழுங்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பிளக்கவில்லை. மைசூர் மண் கெட்டி. நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “சாரி மேடம்” என்று எனக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தேன். ரோஸி அக்கா இல்லை, அருள்தாஸ் இல்லை, பிரின்சியின் முகம்தான் கண்முன் நின்றது. அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

கேட்டை ஒட்டி, நிழல்வலைக்குக் கீழே, புதிதாக வந்த தொட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் நீலப்பூ. கண்ணைத் துடைத்தபடி, பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன். வழியனுப்ப வந்த மஞ்சு, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னார்:

“இதுதானுங்க நீங்க சொன்ன பூவு. விஷ்ணுகிராந்தி. நேத்து சாயங்காலம் வேற ஒரு நர்சரில இருந்து வந்துச்சு. ஒரு வைத்தியர் கேட்டிருக்காரு, மத்தியானம் வண்டி வருது. இனி மறக்க மாட்டீங்க பாருங்க.”

நான் சும்மா போயிருக்கலாம். வேலை போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. இதற்குமேல் போக ஒன்றுமில்லாததால்தானோ என்னவோ, வாய் தானாகத் திறந்தது.

“இது அது இல்லை.”

“பூவு ஒண்ணுதானுங்களே?”

“இல்லை. இதுல கொத்து இருக்கு.”

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. மேடம் திரும்பினார். நான் பாறைக்குப் போய் ஒரு கொடியைக் கிள்ளிவந்து தொட்டிச் செடியின் பக்கத்தில் வைத்தேன். கன்னடமும் இல்லை, தமிழும் இல்லை, விரலால்தான் பேசினேன். பாறைச் செடியில் தலைமயிர்க் காம்பு, அதன் நுனியில் ஒரு பூ. தொட்டிச் செடியில் காம்பே இல்லாத மாதிரி, கிளை நுனியில் மொட்டும் பூவுமாக நெருக்கி அடைத்துக்கொண்டு ஒரு கொத்து. இதன் பூ பெரிது, இலை தடிப்பு. இது புதர் மாதிரி மேலே எழும்புகிறது, அது தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. முன்தினம் சாயங்காலம் வந்து இறங்கியபோது எல்லாப் பூவும் சுருங்கியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீலப்பூச் செடி, சீட்டில் விஷ்ணுகிராந்தி என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

“அதுல கொத்து இல்லா” என்றேன், பாறையைக் காட்டி. “இதுல கொத்து.”

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு தடித்த படப்புத்தகத்தோடு வந்தார். பக்கம் புரட்டினார், பார்த்தார், மறுபடி புரட்டினார். பாறையில் இருந்ததுதான் விஷ்ணுகிராந்தி. தொட்டியில் இருந்தது எங்கிருந்தோ கடல் தாண்டி வந்த அழகுச் செடி. பார்க்க நன்றாக இருக்கும், மருந்துக்கு ஆகாது. அது ஒரு வண்டி நிறைய வைத்தியர் வீட்டுக்குப் போயிருந்தால் மேடத்தின் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று மஞ்சு எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தார்.

மேடம் புத்தகத்தை மூடினார். என் நோட்டை வாங்கிப் பிரித்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. நாற்பதாவது வரியின் அடிக்கோட்டில் விரலை வைத்து, “இதேனு?” என்று கேட்டார். மஞ்சு வாசித்துக் காட்டினார். அந்தப் பெரிய மனுஷி அங்கேயே ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளெ பெளிகெ எட்டு கண்டெகெ பா கணம்மா” என்றார். நாளைக் காலை எட்டு மணிக்கு வா.

அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம். பிரின்சி இங்கேயே படித்து, இப்போது ஒரு கண் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அருள்தாஸ் மறுபடி இளைக்கவே இல்லை. (டாக்டர் இளைக்கச் சொல்கிறார்.) வெளியிலிருந்து எந்தச் செடி வந்தாலும், காலையில் பூ மலர்ந்து நான் குனிந்து பார்த்து, “சரி” என்று சொன்ன பிறகுதான் அது விற்பனைக்குப் போகும். படித்தவர்கள் பலர் வருகிற இடம் அது. அவர்கள் முன்னால் இதைச் சொல்வதற்கு நான் வெட்கப்படுவதில்லை.

வெட்கப்படுகிற காரியம் ஒன்றை மேடம்தான் செய்தார். தொட்டிகளுக்கு மூன்று மொழியில் பெயர்ச்சீட்டு அடித்தபோது, விஷ்ணுகிராந்திக்குத் தமிழ்ப் பெயர் என்ற இடத்தில் வேண்டுமென்றே ‘கொத்தில்லா’ என்று போட்டுவிட்டார். எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். “இர்லி கணம்மா” என்றார். இருக்கட்டுமாம்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் அந்தத் தொட்டியின் முன் நின்று சீட்டை வாசித்தார்.

“பார்த்தியா? கொத்தில்லா! எங்க தோட்டத்து வரப்புல பாய் மாதிரிக் கெடக்கும்.”

“நான் கேள்விப்பட்டதே இல்லையே” என்றார் மனைவி.

“உனக்கென்ன தெரியும்? எங்க பக்கம் காலங்காலமா கொத்தில்லான்னுதான் சொல்லுவோம். சுத்தமான தமிழ்ப் பேரு. ஏம்மா, அப்படித்தானே?”

மஞ்சு அதே பெரிய தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான், “ஆமாங்க சார்” என்று சொல்லி இரண்டு தொட்டியைப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அருள்தாஸுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. இப்போது சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். பிரின்சி மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அம்மா, இப்படிப் பொய் சொல்லி வித்திருக்கியே!” என்றாள்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாருக்காவது சந்தேகம் இருந்தால் காலையில் வெயில் ஏறுவதற்குள் வந்து, குனிந்து பார்த்துக்கொள்ளட்டும். அதில் கொத்து இல்லை.